குளக்கரையில் ஓர் இரவு: இடத்தைத் தெரிவு செய்யும்போது



பாடசாலை விடுமுறை வந்தால் பிள்ளைகளை எங்கே கூட்டிப் போவது என்று எல்லாத் தாய்மாரும் யோசிப்பதுண்டு. குளக்கரையிலோ ஆற்றோரத்திலோ கூடாரம் அடித்து ஓர் இரவு தங்கி வரும் பழக்கம் இப்போது குடும்பங்களிடையே பரவி வருகிறது. எமது புத்தளம் மாவட்டத்தில் கலா ஓயா, தப்போவ குளம், வில்பத்துவின் வில்லுகள், கற்பிட்டிக் களப்பு என நீர்நிலைகளுக்குக் குறைவில்லை.

ஆனால் 'முகாம்' என்ற சொல் எம்மில் பலருக்கு வேறொன்றை நினைவூட்டும். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களில் பெரும்பாலானவை புத்தளத்திலும் கற்பிட்டியிலும் கிடுகுக் கொட்டில்களில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தன. வன்னிச் சகோதரிகளுக்கு 2009இன் தறப்பாள் கூடாரங்கள் மறக்காது. அந்த இடங்களை நாம் தெரிவு செய்யவில்லை. என்றாலும் தண்ணீர் எங்கே, மலசலகூடம் எவ்வளவு தூரம், இருட்டில் யார் நடமாடுவார்கள் என்று பார்க்க அங்கேதான் கற்றுக்கொண்டோம். பிள்ளைகளோடு தங்க நல்ல இடம் எது என்று அறியவும் அதே கேள்விகள் போதும். இம்முறை இடத்தைத் தெரிவு செய்பவர்கள் நாம்.

குடிநீர்: குளமும் ஆறும் பக்கத்தில் இருப்பதால் குடிநீரும் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். வில்பத்துவின் வில்லுகள் மழைநீர் தேங்கும் இயற்கைப் பள்ளங்கள். அவற்றிலும் சில உவர்நீர் கொண்டவை. கற்பிட்டியின் மணல் நிலத்தில் தோட்டங்களுக்கு இடும் உரம் கிணற்று நீரில் கலக்கிறது. அதிலுள்ள நைத்திரேற்று கொதிக்க வைத்தாலும் போகாது. கைக்குழந்தைகளுக்கு அது ஆபத்து. பால்மா கரைக்கவும் குடிக்கவும் நல்ல நீரை வீட்டிலிருந்தே கொண்டு செல்லுங்கள்.

மலசலகூடமும் வெளிச்சமும்: இடத்தை ஒப்புக்கொள்ளும் முன் இதையே முதலில் கேளுங்கள். கூடாரத்திலிருந்து எத்தனை அடி தூரம்? கதவுக்கு உள்தாழ்ப்பாள் உண்டா? ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியா? பத்து வயதுப் பெண்பிள்ளை இரவில் பயமின்றிப் போய்வர முடியாத இடம் குடும்பத்துக்கு ஏற்ற இடமல்ல. பக்கத்தில் மது அருந்தும் கூட்டங்களுக்கு அனுமதி உண்டா என்பதையும் வெட்கப்படாமல் விசாரியுங்கள்.

முதலையும் யானையும்: கலா ஓயாவிலும் அதன் முகத்துவாரத்திலும் குளங்களிலும் முதலைகள் உண்டு. 'குளிக்கலாம்' என்று ஊர்மக்கள் காட்டும் துறையைத் தவிர வேறெங்கும் பிள்ளைகளை இறங்க விட வேண்டாம். கூடாரத்தை நீர் விளிம்பிலிருந்து நன்றாகத் தள்ளி, மேட்டில் அடியுங்கள். வண்ணாத்திவில்லு, கருவலகஸ்வெவ பக்கங்களில் யானைகள் நீர் தேடி வரும் தடங்கள் உள்ளன. அந்தத் தடத்தில் கூடாரம் இருக்கக்கூடாது. வாழைப்பழம், அரிசி போன்றவற்றைக் கூடாரத்துக்குள் வைக்கவும் கூடாது. அந்த வாசனைக்கு யானை வரும்.

காலம்: ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை மழைக்காலம். கலா ஓயா பெருகினால் எலுவன்குளத்துச் சப்பாத்துப் பாலம் நீரில் மூழ்கிவிடும். 2025 நவம்பரில் டித்வா புயலின்போது புத்தளம் - அநுராதபுரம் வீதியில் கலா ஓயா வெள்ளத்தில் பயணிகளோடு பேருந்து ஒன்று சிக்கியதை நாடே பார்த்தது. இங்கே மழை இல்லாவிட்டாலும் மேலே கலாவெவப் பக்கம் பெய்த மழை ஆற்றை உயர்த்தும். மே முதல் செப்ரெம்பர் வரை கற்பிட்டியில் தென்மேற்குக் காற்று பலமாக வீசும். அப்போது திறந்த மணலில் சாதாரணக் கூடாரம் நிற்காது. மரங்களின் மறைவு தேவை.

அனுமதியும் வழியும்: வில்பத்து தேசிய பூங்காவுக்குள் தங்குவதற்கு வனசீவராசிகள் திணைக்களத்தில் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். யுத்தத்தினால் 1988இல் மூடப்பட்ட பூங்கா 2003இல் திறக்கப்பட்டது. 2006 மே மாதம் அங்கே கண்ணிவெடியில் சுற்றுலாப் பயணிகள் உயிரிழந்தனர். மீண்டும் மூடப்பட்டு 2010இல் திறக்கப்பட்டது. அனுமதித்த பாதையை விட்டு இறங்க வேண்டாம் என்று காவலர் சொன்னால் அதைப் பிள்ளைகளுக்கும் விளங்கப்படுத்துங்கள். தங்கும் இடத்தில் தொலைபேசி வேலை செய்கிறதா என்று பாருங்கள். இலவச அம்புலன்ஸ் சேவையின் இலக்கம் 1990. எமக்கு மறக்க முடியாத ஆண்டு என்பதால் மனதில் நிற்கும்.

இவ்வளவும் பார்த்த பிறகும் வீட்டில் ஒருவருக்குக் கூடாரத்தில் படுக்க மனம் ஒப்பாமல் இருக்கலாம். அது மாமியாராக இருக்கலாம், நீங்களாகவும் இருக்கலாம். வற்புறுத்த வேண்டாம், 'இன்னும் பழசை நினைக்கிறாயா' என்று கேட்கவும் வேண்டாம். காலையில் போய் மாலையில் திரும்பலாம். கங்கேவாடியவில் கலா ஓயாவின் கண்டல் காடுகளைப் படகில் பார்த்து வரலாம். சிலாபம் பக்கம் ஆனைவிழுந்தாவக் குளங்களில் பறவைகளைக் காட்டலாம். பகலில் இடத்தைப் பார்த்துப் பழகியவர்கள் அடுத்த விடுமுறையில் தாமாகவே தங்கச் சம்மதிக்கக்கூடும். சம்மதிக்காவிட்டாலும் குறையில்லை.

தனியாகப் பிள்ளைகளை வளர்க்கும் சகோதரிகள் இரண்டு மூன்று குடும்பங்களாகச் சேர்ந்து போங்கள். செலவும் குறையும், இரவுக்குத் துணையும் இருக்கும். எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்பதை அயலில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள். விரும்பிய நேரத்தில் கூடாரத்தைக் கழற்றி வீடு திரும்பலாம் என்பதைப் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.