கையிலே தொழில், பையிலே சான்று!

கடல் கடந்து பொருள் ஈட்டுவது தமிழருக்குப் புதிதன்று. எங்கள் தெருவில் மட்டும் ஏழு வீடுகளில் யாராவது ஒருவர் வெளிநாட்டில் இருக்கிறார். கொத்தனார், எலக்ட்ரீசியன், பிளம்பர், வெல்டர் எனக் கைத்தொழில் கற்றவர்களே அவர்களுள் பலர். "கையில் தொழில் இருந்தால் எந்த நாட்டிலும் பிழைக்கலாம்" என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அது பாதி உண்மையே என்பது என் கருத்து. மறு பாதியை என் தாய்மாமாவின் அனுபவத்தில் கற்றேன்.

மாமா எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டுப் பட்டறையில் சேர்ந்தவர். பன்னிரண்டு ஆண்டுகள் வெல்டிங் செய்தார். எங்கள் ஊரில் பல வீடுகளின் இரும்புக் கேட்டுகள் அவர் கைவண்ணமே. வளைகுடா நாடொன்றில் வெல்டர் வேலை என்று சொல்லி, ஒரு தரகர் ஒன்றரை இலட்சம் ரூபாய் வாங்கினார். அத்தையின் வளையல்கள் அடகுக் கடைக்குப் போயின. கிடைத்ததோ சுற்றுலா விசா! "போனதும் மாற்றிக் கொள்ளலாம்" என்றார் தரகர். அங்கே போனதும், "சான்றிதழ் எங்கே?" என்று கேட்டார்கள். மாமாவிடம் இல்லை. மூட்டை சுமக்கும் வேலைதான் கிடைத்தது. இரண்டு மாதச் சம்பளம் வரவில்லை. சுற்றுலா விசாவில் வேலை செய்வதே குற்றமாதலால் முறையிடவும் அஞ்சினார். ஐந்தாம் மாதம் அபராதம் கட்டி ஊர் திரும்பினார்.

"சான்றிதழா வெல்டிங் செய்யப் போகிறது?" என்று மாமா இன்றும் வருந்திக் கேட்பார். நியாயமான கேள்விதான். ஆனால் எண்ணிப் பாருங்கள். நம் ஊரில் மாமாவுக்குச் சாட்சி அவர் செய்த கேட்டுகள். அயல்நாட்டில் அவற்றை யார் கண்டார்? முன்பின் அறியாத முதலாளிக்கு ஒருவருடைய கைத்திறனை எடுத்துச் சொல்வது காகிதம் ஒன்றே. சவுதி அரேபியா இப்பொழுது வெல்டர், எலக்ட்ரீசியன், பிளம்பர் போன்ற பல தொழிலாளருக்கு நம் நாட்டிலேயே தேர்வு வைத்துப் பார்த்த பிறகுதான் வேலை விசா வழங்குகிறது.

சான்று பெற வழி இல்லாமல் இல்லை. ஐ.டி.ஐ.யில் வெல்டர் படிப்பு ஓர் ஆண்டு. எலக்ட்ரீசியன், ஃபிட்டர் படிப்புகள் இரண்டு ஆண்டுகள். பட்டறையிலேயே தொழில் கற்றவர்களைச் சோதித்துச் சான்றிதழ் வழங்கும் ஏற்பாடு, மத்திய அரசின் திறன் வளர்ப்புத் திட்டத்தில் 2015-இல் வந்தது. இதை மாமாவுக்கு எடுத்துச் சொல்லத்தான் ஆளில்லை.

தரகரை நம்பித்தான் போக வேண்டும் என்பதும் இல்லை. தமிழ்நாடு அரசே 1978-இல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தைத் தொடங்கியது. தனியார் முகவரானால், 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி மத்திய அரசிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிக அளவாக 30,000 ரூபாயும் அதற்குரிய வரியுமே. மாமா கொடுத்தது ஐந்து மடங்கு!

தோழியரே, இனி நமக்குரிய செய்திக்கு வருகிறேன். பத்தாம் வகுப்புத் தேறாதவர்கள் வளைகுடா நாடுகள், மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்வதானால், பொதுவாகக் குடிபெயர்வோர் பாதுகாப்பு அதிகாரியின் அனுமதியைப் பெற வேண்டும். வேலை ஒப்பந்தமும் காப்பீடும் அங்கே சரிபார்க்கப்படும். சுற்றுலா விசாவில் போனதால் மாமா அந்தப் பாதுகாப்பை இழந்தார். பத்தாம் வகுப்புத் தேறியவர்களுக்கோ அந்த அனுமதி தேவையில்லை. 'இவர் படித்தவர், தாமே படித்துப் பார்த்துக் கொள்வார்' என்பதுதானே இதன் பொருள்? இவ்வாண்டு நாம் எழுதும் தேர்வுக்கு இப்படியும் ஒரு பொறுப்பு உண்டு என்று நான் நினைத்ததே இல்லை.

ஆனால் நம் வீடுகளில் நடப்பது என்ன? முக்கியமான தாள் எதையாவது எட்டிப் பார்த்தால், "உனக்கெதற்கு இதெல்லாம்? போய்ப் படி" என்கிறார்கள். மாமா புறப்பட்டபோது நான் ஏழாம் வகுப்பு மாணவி. அவர் விசாத் தாளை எழுத்துக்கூட்டிப் படித்தேன். 'வேலை' என்ற சொல் அதில் எங்குமே இல்லை. கண்டும் கேட்கத் துணியவில்லை. அந்த மௌனம் இன்றும் என்னை உறுத்துகிறது.

இப்பொழுது என் அண்ணன் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீசியன் படிப்பின் இறுதியாண்டில் இருக்கிறார். அவரும் வெளிநாடு செல்ல விரும்புகிறார். செல்லட்டும். ஆனால் அவருடைய விசாவையும் ஒப்பந்தத்தையும் நான் வரி வரியாகப் படித்த பிறகே செல்ல வேண்டும் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

பேச்சுப் போட்டி மேடையில் ஒப்பிக்க மட்டுமா நாம் ஆங்கிலம் கற்கிறோம்? அன்பான பெற்றோரே, எங்களைப் படிக்க வைத்தீர்கள். வீட்டுக்கு வரும் தாள்களையும் எங்களிடம் படிக்கக் கொடுங்கள்!

– பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவி