எண்ணெய்க்கு யார் பரீட்சை வைப்பது?

பெரம்பலூர் மாவட்டத்து எறையூர் பக்கம் போனால் சர்க்கரை ஆலையைப் பார்க்கலாம். அரவை சீஸனில் அங்கே வருகிற கரும்புக்கு எப்படி விலை போடுகிறார்கள் தெரியுமா? 2025-26 பருவத்துக்கு மத்திய அரசு சொன்னது குவிண்டாலுக்கு 355 ரூபாய். சும்மா இல்லை... சர்க்கரை பிழிதிறன் 10.25 சதவிகிதம் இருக்கணும். குறைந்தால் காசும் குறையும். 9.5 என்றால் 329 ரூபாய் 5 காசுதான். தசமப் புள்ளிக்கெல்லாம் கணக்கு!

அதே விவசாயி வீட்டுக்குப் போகிற வழியில், மகள் தலைக்குத் தேய்க்க ஒரு பாட்டில் எண்ணெய் வாங்குகிறாரே, அதற்கு என்ன பரீட்சை? லேபிளில் ஒரு தேங்காய்ப் படம். அவ்வளவுதான் சான்றிதழ்!

'ஃபிரிட்ஜில் வைத்தால் உறையுது சார், சுத்தம்தான்' என்பீர்கள். லிக்விட் பாரஃபின் கலந்திருந்தால் அது மாட்டும். பாம் கெர்னல் ஆயில் கலந்திருந்தால்? அதுவும் சமர்த்தாக உறையும். கண்டுபிடிக்க லேப் வேண்டும். தேங்காய் எண்ணெயின் அயோடின் மதிப்பு 7.5 முதல் 10 வரை. பாம் கெர்னலுக்குப் பொதுவாக 14-க்கு மேல். கொஞ்சமாகக் கலந்தால் இதிலும் தப்பிவிடும். கொழுப்பு அமிலங்களைப் பிரித்துப் பார்த்தால்தான் பிடிபடும். இதை நம் வீட்டு அடுப்படியில் செய்ய முடியுமா?

கோர்ட்டில் எண்ணெயைப் பற்றிப் பேசவே இல்லையா? பேசினார்கள். சேலம் மத்திய கலால் ஆணையருக்கும் மதன் அக்ரோ நிறுவனத்துக்கும் வழக்கு. சின்ன பாட்டிலில் வருகிற தேங்காய் எண்ணெய் சமையலுக்கா, கூந்தலுக்கா? 2018-ல் சுப்ரீம் கோர்ட்டில் இரண்டு நீதிபதிகள், ஆளுக்கொரு தீர்ப்பு. 2024 டிசம்பர் 18-ல் மூன்று நீதிபதிகள் முடித்துவைத்தார்கள்: சமையல் எண்ணெய்தான்; அழகுப் பொருள் விதிப்படி லேபிள் ஒட்டி விற்றால் மட்டுமே கூந்தல் எண்ணெய். இத்தனை வருஷச் சண்டை எதற்கு? வரிக்கு! ஜி.எஸ்.டி.யில் ஒன்றுக்கு 5 சதவிகிதம், இன்னொன்றுக்கு 18. 2025 செப்டம்பர் 22 முதல் இரண்டுக்கும் 5 ஆகிவிட்டது. வரிச் சண்டை ஓய்ந்தது. பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்ற கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது.

கூந்தல் எண்ணெயில் பாரஃபின் சேர்ப்பது சட்டவிரோதம் இல்லை. ஆனால், முன்பக்கம் பெரிய பாதாம், பின்பக்கம் எறும்பு எழுத்தில் பெட்ரோலியச் சரக்கின் பெயர், அதுவும் இங்கிலீஷில்! இதுக்குப் பேர் என்ன?

சட்டம் நமக்கும் வழி வைத்திருக்கிறது. உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006, 40-வது பிரிவு. நீங்களே கட்டணம் கட்டி உணவைப் பரிசோதிக்கலாம். ஆனால், வாங்கும்போதே கடைக்காரரிடம் 'இதை டெஸ்ட் பண்ணப் போறேன்' என்று சொல்லிவிட வேண்டும். திருடன் வீட்டுக்குப் போகும்முன் போலீஸ் போன் பண்ணுகிற மாதிரி! சரக்கு சரியில்லை என்று ரிப்போர்ட் வந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். அதற்காக தஞ்சாவூருக்கோ சேலத்துக்கோ உள்ள அரசு ஆய்வகத்துக்கு அலைய எந்தக் குடும்பத் தலைவிக்கு நேரம் இருக்கு?

நான் கேட்பது ஒன்றுதான். ஒவ்வொரு பேட்ச் எண்ணெய்க்கும் டெஸ்ட் ரிப்போர்ட்டை பாட்டில் மேலேயே தமிழில் போடுங்கள். சின்ன செக்குக்காரர் செலவுக்கு எங்கே போவார் என்கிறீர்களா? அவருக்கு அரசே இலவசமாகச் செய்து தரட்டும். ஒரு கிலோ எண்ணெய்க்கு ஒன்றரைக் கிலோ கொப்பரையாவது வேண்டும். அந்தக் கொப்பரை விலைக்கும் கீழே ஒருவர் 'சுத்தமான' எண்ணெய் விற்றால், நஷ்டப்படுவது நேர்மையான செக்குக்காரர்தானே!

அடுத்த தடவை கடையில் கேட்டுப் பாருங்கள்... 'அண்ணாச்சி, இந்த பேட்ச் ரிப்போர்ட் எங்கே?' முறைப்பார். முறைக்கட்டும். பத்துப் பேர் கேட்டால், அவர் ஏஜென்ட்டைக் கேட்பார்!