அடுப்படி கைமாறிய கதை

தீபாவளிக்கு முதல் நாள் ராத்திரி கடைக்குப் போய், 'அண்ணே, அரைக் கிலோ முறுக்கு, அரைக் கிலோ அதிரசம்' என்று வாங்கி வந்து, சத்தமில்லாமல் எவர்சில்வர் டப்பாவுக்கு மாற்றி, 'வீட்ல பண்ணதுங்க' என்று பக்கத்து வீட்டுக்குத் தட்டு அனுப்பும் புத்திசாலிகள் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டு சினிமா செய்திக்குப் போய்விடலாம். எனக்கு அந்த சாமர்த்தியம் கிடையாது. நான் பி.காம்.

நான் சொல்வது 2024 தீபாவளி. அக்டோபர் 31, வியாழக்கிழமை. மறுநாள் நவம்பர் 1, புதுச்சேரி விடுதலை நாள். அதை ஒட்டி சனி, ஞாயிறு. பாட்டியைச் சாகடிக்காமலேயே நாலு நாள் லீவு கிடைக்கிற ஊர் எங்கள் ஊர்! அங்கே பிரான்ஸில் அக்டோபர் கடைசியில் பள்ளிக்கூடங்களுக்கு இரண்டு வாரம் விடுமுறை. ஆகவே, பாரிஸ் பக்கம் குடியேறிய எங்கள் அக்கா, ஆறு வருஷத்துக்கு அப்புறம் குடும்பத்தோடு தீபாவளிக்கு வருவதாக போன் செய்தாள். சித்தப்பா வீடு, அத்தை வீடு, மாமா வீடு என்று தலையை எண்ணினால் மொத்தம் 18. நோன்பு எடுக்கிற வீடாக இருந்தால் கறி கிடையாது, பிழைத்தோம். எங்கள் வீட்டில் நோன்பு இல்லை. விடிந்ததும் இட்லி, ஆட்டுக்கறிக் குழம்பு. அதற்கு மேல் அதிரசம், முறுக்கு, ஓமப்பொடி, லேகியம்.

இத்தனை வருஷமும் இதெல்லாம் தானாக நடந்தது. அதாவது, அம்மா செய்தாள்.

சிக்கல் ஆகஸ்ட் மாசத்தில் ஆரம்பித்தது. பாலை அடுப்பில் வைத்துவிட்டு அம்மா மாடிக்குப் போய்விட்டாள். பாத்திரம் கரியானது. அடுத்த வாரம் சாம்பாரில் மூன்று தடவை உப்பு விழுந்தது. டாக்டர் பார்த்துவிட்டு, 'மறதி ஆரம்பிச்சிருக்கு. அடுப்புக்கிட்ட தனியா விடாதீங்க. கொதிக்கிற எண்ணெய்ப் பக்கம் வேண்டவே வேண்டாம்' என்றார். அக்காவுக்கு இது தெரியாது. போனில் சொல்கிற விஷயமா?

இங்கே கொஞ்சம் சரித்திரம். 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் ஓட்டெடுப்பு நடந்தது. 178 மக்கள் பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு சேரவேண்டும் என்றார்கள், 8 பேர் வேண்டாம் என்றார்கள். நவம்பர் 1-ல் நிர்வாகம் கைமாறியது. ஆனால் பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்புதல் தர இழுத்தடித்து, சட்டப்படி நாம் இந்தியாவானது 1962 ஆகஸ்ட் 16-ல்தான். ஏறக்குறைய எட்டு வருஷம்!

அதே அக்டோபர் 18 அன்று எங்கள் வீட்டிலும் ஓட்டெடுப்பு. 'அடுப்படி நிர்வாகத்தை நானும் என் மனைவியும் ஏற்பது.' ஆதரவு: நான், மனைவி, சித்தி. எதிர்ப்பு: ஒன்று. தீர்மானம் நிறைவேறியது. 'நிர்வாகம்தான் உனக்கு. அடுப்படி என்னுது' என்று எதிர்க்கட்சி எழுந்து போய்விட்டது.

பழைய பேரேடு ஒன்றை எடுத்து, வியாழக்கிழமையிலிருந்து பின்னோக்கி எழுத ஆரம்பித்தேன். எதை முன்னாலேயே செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்பது சுத்தமான கணக்குப்பதிவு சமாசாரம் சார். தேங்காய்ச் சட்னிக்கு தேய்மானம் அதிகம். மத்தியானத்துக்குள் மதிப்பு பூஜ்யம். முறுக்கு, ஓமப்பொடி ஈரமில்லாத சரக்கு, டப்பா இறுக்கமாக இருந்தால் இரண்டு வாரம் தாங்கும். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், வெல்லம், நெய், தேன் சேர்ந்த லேகியம் அதைவிட கெட்டி. அதிரச மாவு இருக்கிறதே, அதுதான் ஆச்சரியம். நாள் ஆக ஆக மதிப்பு ஏறுகிற ஒரே சொத்து. பாகு ஊற்றிப் பிசைந்து, துணி கட்டி மூணு நாலு நாள் வைத்தால்தான் அதிரசம் மெத்தென்று வரும். ஆகவே முதல் பதிவு, 26-ம் தேதி சனிக்கிழமை: அதிரச மாவு.

பெரிய மார்க்கெட்டில் (புதுவையின் முதல் முதலமைச்சர் குபேர் பெயரில் இருப்பது. யார் அப்படிச் சொல்கிறார்கள்? பெரிய மார்க்கெட் என்றால்தான் ஆட்டோக்காரருக்குப் புரியும்) பச்சரிசியும் பாகு வெல்லமும் வாங்கினேன். ஒரு கிலோ அரிசிக்கு முக்கால் கிலோ வெல்லம். அரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, ஹாலில் வேட்டியை விரித்து ஃபேனுக்கு அடியில் பரப்பினேன். தூக்குவாளியில் போட்டுக்கொண்டு மில்லுக்குப் போனால், எனக்கு முன்னால் முப்பது தூக்குவாளி. ஒன்றே முக்கால் மணி நேரம். மாவோடு வீட்டுக்கு வந்து தட்டில் கொட்டினேன். அம்மா தூரத்திலிருந்தே பார்த்தாள். வந்து ஒரு கை அள்ளிப் பிடித்தாள். உருண்டை நிற்காமல் பொலபொலவென்று உதிர்ந்தது.

"ஈரம் செத்துப்போச்சுடா. இதை எண்ணெயில போட்டா பிரிஞ்சு போகும். புட்டுக்கு வச்சுக்க."

மறுபடி ஒரு கிலோ. இந்தத் தடவை அம்மா வேட்டி ஓரத்தில் உட்கார்ந்து, பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை அரிசியை அள்ளிப் பார்த்தாள். உள்ளங்கையில் லேசாக ஈரம் ஒட்டும்போது, "இப்ப" என்றாள். மில்லாவது ஒன்றாவது! மிக்சியில் நாலு ஈடாக அரைத்து சலித்தோம்.

அடுத்தது பாகு. இதற்காகவே தபாலில் ஒரு தெர்மாமீட்டர் வரவழைத்திருந்தேன். மிட்டாய் செய்கிறவர்கள் 112-லிருந்து 116 டிகிரிக்குள் மென்மையான உருண்டைப் பதம் வரும் என்பார்கள். வெல்லத்துக்குள் கம்பியை விட்டதும் அம்மா கேட்டாள்: "யாருக்குடா காய்ச்சல்?"

ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டாள். ஒரு சொட்டு விட்டாள், கரைந்தது. இன்னொன்று, இழுபட்டது. மூன்றாவது சொட்டை விரலால் திரட்டினாள். மெத்தென்று உருண்டது. "தக்காளிப் பழப் பதம். இறக்கு." தெர்மாமீட்டரைப் பார்த்தேன். 114.

காலையில் சாப்பிட்டது என்ன என்று கேட்டால் அம்மாவுக்குச் சொல்லத் தெரியவில்லை.

புதன்கிழமை. அக்கா குடும்பம் முந்தின ராத்திரியே வந்து இறங்கியாகிவிட்டது. 18 பேருக்கு ஆளுக்கு ஐந்து, சேதாரத்தோடு நூறு இட்லி. இரண்டு கிலோ அரிசி, அரைக் கிலோ உளுந்து. மழைக்காலத்தில் மாவு பொங்க நேரமெடுக்கும் என்று மத்தியானமே கிரைண்டரைப் போட்டோம். சாயங்காலம் வாழை இலையில் நெய் தடவி அம்மா அதிரசம் தட்டிக்கொடுக்க, எண்ணெயிலிருந்து எடுத்து இரண்டு கரண்டிக்கு நடுவில் அமுக்கிப் பிழிகிற வேலை எனக்கு. எண்ணெய்க்கும் அம்மாவுக்கும் நடுவில் சுவர் மாதிரி நின்றேன். "என்னடா வழிய மறைச்சுக்கிட்டே நிக்கிற?" என்று இரண்டு தடவை திட்டு விழுந்தது. அக்கா பார்த்துச் சிரித்தாள்.

படுக்கும்முன் என் மனைவி ஒரு காரியம் செய்தாள். உப்பு ஜாடியை எடுத்து பீரோவில், நகைக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டினாள்.

விடியற்காலை மூன்று மணிக்கு கறிக்கடையில் பெருங்கூட்டம். மூன்று கிலோ வாங்கி வந்தேன். முதல் நாளே அரைத்த மசாலா. தேங்காய் மட்டும் அப்போதுதான். நாலரைக்கு குழம்பு கொதிக்கும்போது அடுப்படியில் டப்பாக்கள் உருளும் சத்தம்.

"உப்பு ஜாடி எங்கடா?"

"போட்டாச்சும்மா."

"யாரு போட்டா?"

"நான்தான்."

அம்மா கரண்டியால் உள்ளங்கையில் ரெண்டு சொட்டு விட்டு நக்கினாள். "கம்மி."

நானும் ருசி பார்த்தேன். கம்மிதான். மனைவி ஒன்றும் பேசாமல் போய் பீரோவைத் திறந்தாள். அம்மா ஒரு கை அள்ளினாள். கொஞ்சத்தை ஜாடியிலேயே உதறினாள். மீதியைக் குழம்பில் போட்டாள். ஜாடி பீரோவுக்குத் திரும்பிப் போனது. அம்மா அதைப் பார்த்தாள். ஏன் என்று கேட்கவில்லை.

பந்தி அமர்க்களம். நூறு இட்லியும் தீர்ந்து, கடைசி ஆளாக உட்கார்ந்த எனக்கு புட்டு. (உதிர்ந்த மாவு வீண்போகவில்லை.) அக்கா மூன்றாவது அதிரசத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "அப்படியே இருக்கும்மா. நீதானே பண்ணே?" என்றாள்.

"பின்ன? இவனுக்கு என்னா தெரியும்?" என்றாள் அம்மா. நான் புட்டைச் சாப்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை, அக்கா பிள்ளைகளை நவம்பர் 1 கொடியேற்றம் காட்ட கடற்கரைக்குக் கூட்டிப்போகக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அம்மா அடுப்படியிலிருந்து வந்து வாசல்படியில் நின்றாள்.

"ஏண்டா, தீபாவளி என்னைக்கு? அதிரசத்துக்கு அரிசி ஊறப்போட வேணாமா? அக்கா வர்றான்னியே?"

செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்த அக்கா அப்படியே நின்றாள். அம்மாவைப் பார்த்தாள். அப்புறம் என்னை. பீரோவை. பிள்ளைகள் கேட்டுக்கு வெளியே போய் 'மமோ, மமோ' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள்.

"எவ்ளோம்மா போடணும்?"

"ஒரு கிலோ போடு. ஊறட்டும்" என்றாள் அம்மா.

நான் வேட்டியை எடுக்கப் போனேன்.