கரண்டி பிடிக்கும் கல்வி

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வின் முடிவுகள் வெளிவந்த சில நாட்களுக்குள், ஆண்டுதோறும், புதுச்சேரி நகரத்தில் ஏதேனும் ஒரு வீட்டில் ஒரு சிறு கலகம் நிகழ்ந்தே தீருகிறது. பொறியியலும் வேண்டாம், கணக்கியலும் வேண்டாம், சமையலும் ரொட்டி செய்தலும் கற்கப் போகிறேன் என்று பிள்ளை சொல்லிவிடுகிறான். தாய் மௌனமாகிறாள். தகப்பனாரோ, “இத்தனை வருஷம் படிக்க வைத்தது கரண்டி பிடிப்பதற்கா?” என்று கர்ஜிக்கிறார்.

சென்ற கோடையில் நமது நண்பர் ஒருவர் வீட்டிலேயே இது நடந்தது. நண்பர் சாமானியரல்லர், உழைப்பின் மேன்மையைப் பற்றி மேடைதோறும் பேசி வருபவர். மகனுக்குப் புத்தி சொல்லும்படி நம்மை அழைத்திருந்தார். நாம் போனபோது பையன் தன் கையால் சுட்ட ரொட்டி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தான். மேலே கறுத்து, நடுவே வேகாமல், ஒருபுறம் சரிந்து கிடந்தது அது. ஆனால் அது ஏன் அப்படி ஆயிற்றென்று அவன் சொன்ன விளக்கம் நம்மை நிமிர்ந்து உட்காரச் செய்தது. ரொட்டி நூல்கள் குளிர்தேசத்தில் எழுதப்பட்டவை. அவை சொல்லும் நேரத்தில் பாதி கழிவதற்குள்ளாகவே புதுச்சேரி வெயிலில் மாவு பொங்கி, பிறகு அமர்ந்துவிடுகிறதாம். மறுமுறை ஈஸ்டைக் குறைத்து, பனிக்கட்டி நீர் விட்டுப் பிசையப் போவதாகச் சொன்னான். அடுக்களையிலிருந்த தாயார், “சித்திரை மாதத்தில் இட்லி மாவுக்கு நாங்கள் ஐஸ் தண்ணீர்தானே விட்டு அரைக்கிறோம், இதற்கு ஒரு நூலா?” என்றார். ரொட்டியை எழுப்புவது ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர். இட்லி மாவைப் பொங்கச் செய்வன பெரும்பாலும் பாக்டீரியாக்கள். இரண்டிலும் வெப்பமே எஜமான். பௌதிகமும் ரசாயனமும் உயிரியலும் ஒரு கைப்பிடி மாவுக்குள் அடங்கியிருப்பதை அந்தப் பையன் பள்ளியில் கற்கவில்லை. தோற்றுப்போன ஒரு ரொட்டியிடம் கற்றான். நாம் மகனுக்குச் சொல்ல வந்த புத்தியைத் தகப்பனாருக்குச் சொல்லிவிட்டுத் திரும்பினோம்.

சமையல் ஆண்மகனுக்கு அடாத தொழில் என்ற எண்ணம் தமிழ்நாட்டில் எப்படிக் குடிபுகுந்தது? நல்ல சமையலுக்கு நாம் இட்டிருக்கும் பெயர் நளபாகம். மற்றொரு பெயர் வீமபாகம். இரண்டும் அரசகுமாரர்களின் பெயர்கள். சிறுபாணாற்றுப்படையில் நல்லியக்கோடன் பாணர்க்கு இட்ட விருந்து, வீமன் இயற்றிய மடைநூலின் நெறி வழுவாமல் ஆக்கப்பட்டதென்று புலவர் பாராட்டுகிறார். அந்த நல்லியக்கோடன் ஆண்ட ஓய்மாநாடு எங்கோ இல்லை. திண்டிவனமும் மரக்காணமும் சேர்ந்த, புதுச்சேரிக்கு வடக்கே கூப்பிடு தூரத்திலுள்ள நிலம். கல்யாணப் பந்தலில் அண்டாவைக் கிளறுகிறவரும், ஹோட்டலில் கல்லுக்கு முன் நிற்கிறவரும் இன்றும் பெரும்பாலும் ஆண்களே. ஆகவே கூலி கிடைக்கும் இடத்தில் சமையல் ஆண்பிள்ளை வேலை. கூலி இல்லாத இடத்தில் அது ஸ்திரீ தர்மம். இந்தக் கணக்கை எழுதியவன் கெட்டிக்காரன்தான்.

தேசாபிமானிகளான நமது வாசகர்களுக்குப் புதுச்சேரியின் சொந்தச் சரித்திரத்திலிருந்தே ஒரு செய்தியை ஞாபகப்படுத்த விரும்புகிறோம். 1910 ஏப்ரலில் அரவிந்தர் இந்நகரில் வந்து இறங்கினார். பாரதியாரும் அவரைச் சேர்ந்தோரும் அவரை வரவேற்று வீடு அமர்த்திக் கொடுத்தார்கள். அவரோடு தங்கியிருந்த வங்காள வாலிபர்களுள் சிலர் அலிப்பூர் வெடிகுண்டு வழக்கில் சிறையிருந்து விடுதலை பெற்றவர்கள். அவ்வீட்டில் அடுப்பெரித்தவர்கள் அந்த வாலிபர்களேதான். ஒவ்வொருவருக்கும் ஒரு பண்டம் என்று அவர்களே வகுத்துக்கொண்டார்கள். சோறு நளினிகாந்த குப்தாவின் பொறுப்பு. மோனி என்று அழைக்கப்பட்ட சுரேஷ் சந்திர சக்கரவர்த்திக்குப் பருப்பு. பிஜய் குமார் நாக் கைதேர்ந்தவராதலால் காய்கறியும் குழம்பும் அவரைச் சேர்ந்தன. சோறே எல்லாவற்றிலும் எளிதென்பதால் தமக்கு அது வந்திருக்கலாம் என்று நளினிகாந்தர் பிற்காலத்தில் தம் நினைவுக் குறிப்பில் எழுதினார். அதே வாலிபர் அதே வீட்டில் அரவிந்தரிடம் கிரேக்கமும் லத்தீனும் பாடம் கேட்டு வந்தார். வெளியே பிரிட்டிஷ் ஒற்றர். உள்ளே ஒரு கையில் கிரேக்க நாடகம், மறு கையில் அகப்பை. ஒன்று மற்றொன்றைக் கெடுத்ததாக அவர் எங்கும் எழுதவில்லை.

காந்தியடிகளின் விஷயம் நம்மவர் அனைவரும் அறிந்ததே. ஆனால் அறிந்த அளவுக்கு யோசிக்கப்பட்டதன்று. லண்டனில் சட்டம் படித்த நாட்களில் செலவைக் குறைக்க வேண்டி அவர் ஓர் அறை எடுத்து, ஓர் அடுப்பு வாங்கி, காலைக் கஞ்சியைத் தாமே காய்ச்சிக்கொண்டார். நாளொன்றுக்கு ஒரு ஷில்லிங் மூன்று பென்ஸில் ஜீவனம் நடந்தது. பிறகு ஜோகன்னஸ்பர்க்கில் பாரிஸ்டராகப் பொருள் ஈட்டிய காலத்தில், கடை ரொட்டியை நிறுத்திவிட்டு, ஏழு பவுன் கொடுத்து இரும்பு எந்திரம் ஒன்று வாங்கி, வீட்டிலேயே கோதுமை அரைத்து ரொட்டி சுட்டார். எந்திரம் ஒருவர் சுழற்றக் கனமானது. இருவர் சேர்ந்தால் எளிது. அவரும் போலக்கும் பிள்ளைகளும் மாறிமாறிச் சுழற்றினார்கள். 1910-ல் காலன்பாக் கொடுத்த நிலத்தில் டால்ஸ்டாய் பண்ணை எழுந்தபோது, அங்கே சிறை சென்ற சத்தியாக்கிரகிகளின் குடும்பங்களுள் தமிழர் பலர். கடைவீதிச் சாமான் வாங்கும் பொறுப்பை ஏற்றவர் தம்பி நாயுடு. காலை ஆறு மணிக்கு ரொட்டியும் கோதுமைக் காப்பியும். பதினொரு மணிக்குச் சோறு, பருப்பு, காய்கறி. மாலை ஐந்தரைக்குக் கோதுமைக் கஞ்சியும் பாலும், அல்லது மறுபடி ரொட்டி. வேலைக்காரர் ஒருவருமில்லை. ஆசிரியர் செய்யாத வேலையை மாணவரைச் செய்யச் சொல்வதில்லை என்பது அங்கே விதி.

இனி நம் காலத்துப் பள்ளிக்கூடத்தைப் பார்ப்போம். புதுச்சேரியில் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு அளிக்கும் வழக்கத்தைப் பிரெஞ்சு நிர்வாகம் 1930-லேயே தொடங்கியது. தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாக நமது வித்தியாசாலை பிள்ளைக்குச் சோறு போட்டு வருகிறது. அது பெருமைக்குரிய காரியமே. ஆனால் அந்தச் சோறு எப்படி ஆயிற்றென்று பிள்ளைக்கு ஒரு நாளும் அது சொல்லிக் கொடுத்ததில்லை. தமிழ்நாட்டிலாவது பள்ளி வளாகத்திலேயே சத்துணவுக் கூடமும் புகையும் உண்டு. இங்கே பெரும்பாலும் மையச் சமையற்கூடங்களில் ஆக்கி வண்டியில் ஏற்றி அனுப்புகிறார்கள். பிள்ளைக்குத் தெரிவது பாத்திரத்தின் மூடி ஒன்றுதான். சுத்தமும் சிக்கனமும் கருதிய ஏற்பாடென்பதை நாம் மறுக்கவில்லை. உண்பவனுக்கும் அடுப்புக்கும் உள்ள தூரம் அதனால் இன்னும் கூடிற்றென்பதையே சொல்கிறோம்.

2020-ல் வெளியான தேசியக் கல்விக் கொள்கை ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை புத்தகப் பையில்லாத பத்து நாட்கள் வேண்டுமென்கிறது. அந்நாட்களில் பிள்ளைகள் தச்சர், தோட்டக்காரர், குயவர், கலைஞர் முதலியோரிடம் தொழில் பழக வேண்டுமாம். நல்ல யோசனை. ஆனால் தினமும் மூன்று வேளை எல்லார் வீட்டிலும் நடக்கும் தொழிலைச் செய்பவர் பெயர் அந்த வரிசையில் இல்லை. “முதலியோர்” என்பதற்குள் சமையற்காரரும் அடங்குவார் என்று வாதிக்கலாம். அவர் எப்போதும் அங்கேதான் அடங்கி வந்திருக்கிறார். ஜப்பான் தேசத்தில் பெண்களுக்கு மட்டுமென்று நெடுங்காலம் இருந்த மேல்வகுப்பு மனையியல் பாடத்தை 1993, 1994-ஆம் ஆண்டுகளில் நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகளில் ஆண்பிள்ளைகளுக்கும் கட்டாயமாக்கினார்கள். அதனால் அத்தேசத்து இயந்திரத் தொழிலோ கணித அறிவோ குன்றிவிட்டதாக நாம் கேள்விப்படவில்லை.

மத்திய அரசாங்கம் 2019-ல் நடத்திய காலப் பயன்பாட்டு ஆய்வின் முடிவை நமது வாசகர்கள் சற்று நின்று படிக்க வேண்டும். கூலியற்ற வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் நூற்றுக்கு 81 பேர். ஆண்கள் 26 பேர். ஈடுபட்டோருள்ளும் பெண் நாளொன்றுக்குச் செலவிட்டது சராசரி 299 நிமிஷம். ஆண் 97 நிமிஷம். ஏறக்குறைய ஐந்து மணி நேரம், வாரத்தில் ஏழு நாளும், விடுமுறையின்றி. எட்டு மணி நேர வேலைக்காகச் சங்கம் அமைத்தோம், கொடி பிடித்தோம், புதுச்சேரியில் 1936-ல் பஞ்சாலைத் தொழிலாளர் துப்பாக்கிக் குண்டுக்கு இரையாகி அந்த உரிமையைப் பெற்றுத் தந்தார்கள். அந்தத் தொழிலாளி வீடு திரும்பியபோது சோற்றை வடித்து வைத்திருந்தவளுக்கு எத்தனை மணி நேர வேலை என்று எந்தச் சங்கமும் கேட்கவில்லை. நாமும் கேட்கவில்லை.

இன்னொரு சங்கதி உண்டு. அதைச் சொல்லாமல் இக்கட்டுரையை முடிப்பது நேர்மையாகாது. பத்தாண்டுக் காலம் புதுச்சேரியில் அஞ்ஞாதவாசம் செய்து 1920-ல் தாயகம் திரும்பிய வ. வே. சு. ஐயர், பிறகு சேரன்மாதேவியில் குருகுலத்தை நடத்தினார். அங்கே பிராமணப் பிள்ளைகள் இருவருக்குத் தனியே உணவிட்டதால் 1925-ல் மூண்ட தீ தமிழ்நாட்டுக் காங்கிரஸையே பிளந்தது. இந்நாட்டில் சமையற்கட்டு என்பது வெறும் சமையற்கட்டன்று, ஜாதியின் கோட்டை. கோட்டை இன்னும் இடியவில்லை. 2018-ல் திருப்பூர் மாவட்டத்து அவிநாசி வட்டாரத்தில், தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த அம்மையார் ஒருவர் பள்ளியில் சமைக்கக் கூடாதென்று சில பெற்றோர் மறித்தார்கள். அப்பெற்றோரும் பள்ளிக்கூடம் சென்று படித்தவர்களாகவே இருக்கக் கூடும். சமத்துவத்தைப் பற்றி எழுதிப் பரீட்சையில் தேறிய பிள்ளை, அதே அடுப்பில், அதே பாத்திரத்தில், அடுத்த தெருப் பிள்ளையோடு சேர்ந்து ஒரு நாள் சோறு வடித்திருந்தால் விளைவு வேறாக இருந்திருக்குமோ என்று நாம் எண்ணுகிறோம். நிச்சயமாகச் சொல்ல நம்மிடம் ஆதாரமில்லை. முயன்று பார்க்காத காரியத்திற்கு ஆதாரம் எங்கிருந்து வரும்?

தொழிலாகவே இதைக் கற்க வரும் மாணவனைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1982 முதல் ஹோட்டல் மேலாண்மைக்கென அகில இந்தியக் கழகம் ஒன்று இயங்கி வருகிறது. பட்டப் படிப்பு மூன்றாண்டு. நுழைவுக்கு நாடு முழுவதற்கும் ஒரே தேர்வு. கரண்டி பிடிக்க எந்த முட்டாளுக்கும் முடியும் என்று எண்ணும் தகப்பன்மார் அந்தத் தேர்வுத்தாளை வாங்கிப் பார்க்கலாம். ஆனால் இவ்வகைக் கல்வியின்மேல் நமக்கொரு மனத்தாங்கல் உண்டு. பெஷமெல், வெலூத்தே என்று பிரெஞ்சுத் தாய்ச்சாறுகள் ஐந்தையும் மாணவன் மனப்பாடம் செய்கிறான், கற்க வேண்டியதுதான். சின்ன வெங்காயமும் பூண்டும் உளுந்தும் கடுகும் வெந்தயமும் சேர்த்து, விளக்கெண்ணெய் தடவி உருட்டி, கோடை வெயிலில் பல நாள் காயவைக்கும் வடகம் இந்நகரத்துப் பாட்டிமார்களின் சொத்து. அது கப்பலேறி ‘வாடுவான்’ என்ற பெயரில் பிரெஞ்சுத் தேசத்து உயர்ந்த விடுதிகளில் மணக்கிறது. அதற்கு நிறையளவு, நாளளவு, ஈரத்தின் அளவு எழுதி வைத்த பாடம் நம் பிள்ளைகளுக்கு வேண்டாமா? ரொட்டிக்குத் தராசும் வடகத்துக்குக் கண்ணளவும் என்றிருக்கும் வரையில், ஒன்று சாஸ்திரமாகவும் மற்றொன்று கைப்பழக்கமாகவுமே மாணவன் கண்ணுக்குத் தோன்றும். 1954-ல் பிரெஞ்சு ஆட்சி போயிற்று, ரொட்டி போகவில்லை. போக வேண்டியதுமில்லை. அதன் பக்கத்தில் நம்முடையதும் தராசில் ஏறட்டும்.

நாம் வேண்டுவது பெரிய காரியமன்று. புதுச்சேரி அரசாங்கம் ஆறு முதல் எட்டு வகுப்பு வரை, ஆண் பெண் இருபாலாருக்கும், வாரத்தில் அரை நாளைச் சமையலுக்கு ஒதுக்கட்டும். எட்டாம் வகுப்பு முடித்து வெளிவரும் பிள்ளைக்குச் சோறு வடிக்கவும், பருப்பு வேகவைக்கவும், மாவரைத்துப் பதமாகப் புளிக்கவைக்கவும், ஒரு ரொட்டியைச் சுட்டெடுக்கவும், கடைசியில் பாத்திரம் தேய்க்கவும் தெரிந்திருந்தால் போதும். பாத்திரம் தேய்ப்பதை விட்டுவிட்டால் பாடம் பாதிதான். தீ ஆபத்தென்பார்க்கு மின்னடுப்பு இருக்கிறது. ஆசிரியருக்கு எங்கே போவதென்பார்க்கு, மையச் சமையற்கூடங்களில் நாள்தோறும் ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்குச் சமைக்கும் ஊழியர்களைக் காட்டுகிறோம். அவர்களுக்கு அந்த அரை நாளுக்கு ஊதியமும், அதைவிட முக்கியமாக, ஆசிரியர் என்ற பெயரும் கொடுக்கப்பட வேண்டும்.

நண்பர் மகன் சமையற் கல்லூரியில் சேர்ந்துவிட்டான். சேர்வதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது ரொட்டியைச் சுட நம்மையும் அழைத்திருந்தான். மாவு பிசைந்துகொண்டிருந்தவன் கையை எடுக்க முடியாமல், “அப்பா, கொஞ்சம் உப்பு எடுத்துக் கொடுங்கள்” என்றான். நண்பர் 1930 ஏப்ரல் 13-ல் திருச்சியில் புறப்பட்டு 30-ஆம் தேதி வேதாரணியத்தில் உப்பள்ளிய ராஜாஜியின் யாத்திரையை ஊர் ஊராக, நாள் நாளாக ஒப்பிப்பவர். மாடத்தின் முன் சற்று நேரம் நின்றார். பிறகு உள்ளே திரும்பி, உப்பு எந்த ஜாடியில் இருக்கிறதென்று மனைவியைக் கேட்டார்.