வெறும் வயிற்றோடு சோதனையா?

பொழுது விடியுமுன் பெரட்டு. ஒரு குவளை வரக்கோப்பி. உடனே நிரைக்கு ஓட்டம். பால்மரம் வெட்டும் நம் சகோதரிகள் பலருக்குக் காலை ஆகாரம் இவ்வளவுதான். வயிற்றில் எட்டு மாதக் குழந்தை இருக்கும்போதும், கிளினிக்குக்குப் போகும் நாளிலும் இதே வழக்கம். இது தாய்க்கும் நல்லதல்ல, சோதனைக்கும் நல்லதல்ல என்பதே நம் கருத்து.

நிறைமாதத்தில் கர்ப்பிணியின் வயிற்றில் பட்டையைக் கட்டிச் சிசுவின் இதயத் துடிப்பை இருபது நிமிடம் போலப் பதிவு செய்கிறார்கள். நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை துடிப்பது முறை. குழந்தை அசையும்போது துடிப்பு சற்று ஏறினால் அது நலமாயிருக்கிறது என்று பொருள். தாய் நெடுநேரம் பட்டினி கிடந்தால் இரத்தத்தில் சர்க்கரை இறங்கும். சிசுவின் அசைவும் துடிப்பின் ஏற்றமும் குறைந்து காணப்படலாம். பிறகு, "நாளைக்கு மறுபடி வா" என்பார்கள். மறுபடி ஒரு நாள் சம்பளம் போயிற்று! வெள்ளிக்கிழமை விரதம் இருப்போரும் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். சர்க்கரைச் சோதனைக்காகச் சாப்பிடாமல் வரச் சொன்னால் மட்டும் சொன்னபடி செய்க.

லயங்களில் இன்னொரு எண்ணமும் உண்டு. குழந்தை அசையாவிட்டால் இனிப்புத் தண்ணீரோ மைலோவோ குடித்துவிட்டுக் காத்திருப்பது. சோதனைக்கு முன் தாய்க்குச் சர்க்கரை கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் பலன் தெரியவில்லை. வயிற்றுக் குழந்தை இருபது, நாற்பது நிமிடம் தூங்குவது இயல்பு. அது தானே விழிக்கும். நீரிழிவு உள்ள தாய்க்கோ இனிப்பே கேடு. ஆகவே வேளாவேளைக்குச் சோறும் பருப்பும் கீரையும் மீனும் உண்ணுங்கள், தண்ணீர் குடியுங்கள். இனிப்பு, மருந்தாகாது.

28 வாரத்துக்குப்பின் அசைவைக் கணக்கிடச் சொல்கிறார்கள். காலை 9 மணிக்குத் தொடங்கி, இரவு 9 மணிக்குள் பத்து அசைவு வரவேண்டும். வராவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். வழக்கத்தைவிடத் திடீரென்று குறைந்தால் இரவு வரைகூடக் காத்திருக்கலாகாது. ஆனால் காலை 9 மணிக்கு அவள் எங்கே இருக்கிறாள்? வாளியும் கையுமாக மேடு ஏறிக்கொண்டிருக்கிறாள். நடக்கிற தாய்க்கு அசைவு சரியாகத் தெரியாது.

பிரசவ விடுமுறை 2023 ஜனவரி 1 முதல் 98 நாட்களாயிற்று, மகிழ்ச்சி. பிள்ளை பிறக்குமுன் உள்ள மாதங்களுக்கு வழி என்ன? நிறைமாதக்காரிக்குக் காலை ஆகாரத்துக்கு அரைமணி, உட்கார்ந்து அசைவை எண்ணச் சற்று ஓய்வு, கிளினிக் நாளுக்குச் சம்பளம்: நிர்வாகங்கள் இவற்றைக் கொடுக்கட்டும். கிராணிமார்களே, செக்ரோலில் "வரவில்லை" என்று குறிக்கும் பேனா நம் கையில் இருக்கிறது. குறிக்குமுன் காரணத்தைக் கேளுங்கள். கணவன்மார்களே, விடியற்காலையில் அடுப்பு மூட்ட உங்களுக்கும் கை உண்டு. கிளைக் கூட்டங்களில் இதைப் பேசுங்கள், தீர்மானம் போடுங்கள். பிறக்கப்போகும் குழந்தைக்காகக் கேட்க நம்மைவிட்டால் யார்?