மூன்றாம் நாளுக்குப் பின்னர்

லண்டன் மாநகரில் ஆண்டுதோறும் பல்லாயிரம் பேர் 42.195 கிலோமீட்டர் தொலைவை ஓடிக் கடக்கின்றனர். 1981இல் தொடங்கிய இந்த மாரத்தானில் பதக்கத்துக்காக ஓடுவோரைவிடப் பிறருக்காக நிதி திரட்டி ஓடுவோரே நம் கவனத்தை ஈர்க்கின்றனர். பெற்றோரையோ உடன்பிறந்தாரையோ மரணத்தில் இழந்த குழந்தைகளுக்காக ஓடுவோரும் அவர்களுள் உண்டு.

“உதவ எண்ணினால் பணத்தைக் கொடுத்துவிட்டுப் போகலாமே, ஓட்டம் எதற்கு?” என்று நம்மில் பலர் கேட்கக்கூடும். முகஸ்துதி கலந்துவிடுமோ என்னும் அச்சமும் நியாயமானதே. மறைவாகக் கொடுப்பது மேலானது என்று கற்பிக்கும் குர்ஆன், வெளிப்படையாகக் கொடுப்பதையும் நல்லதென்றே கூறுகிறது. நிய்யத்தை அல்லாஹ் அறிவான்.

நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. அந்தப் பணம் எதற்குச் செலவாகிறது? பிரிட்டனில் 1992இல் தொடங்கப்பட்ட ‘வின்ஸ்டன்ஸ் விஷ்’ என்னும் அமைப்பு, துயருற்ற குழந்தைகளிடம் மரணத்தைப் பற்றி ஒளிவுமறைவின்றிப் பேசுகிறது. இறந்தவரின் நினைவுப் பொருள்களைப் பெட்டியொன்றில் சேர்த்துவைக்க அவர்களுக்குத் துணைநிற்கிறது. உணவும் உடையும் பள்ளிக் கட்டணமும் தந்துவிட்டால் யத்தீமுக்கான கடமை முடிந்தது என்று கருதும் நாம் இங்கே சற்று நின்று சிந்திக்க வேண்டும்.

நம் மஹல்லாக்களில் மய்யித்து வீடு முதல் மூன்று நாள் நிறைந்திருக்கும். அண்டை வீடுகளிலிருந்து உணவு வந்து சேரும். இத்தா முடிவதற்குள் அந்த வாசல் வெறிச்சோடிவிடும். “வாப்பா எப்போது வருவார்?” என்று கேட்கும் பிள்ளையிடம், “வெளியூர் போயிருக்கிறார்” என்று சொல்லி நகர்ந்துவிடுகிறோம்.

தந்தையின் முகத்தையே காணாமல் பிறந்து, ஆறு வயதில் தாயையும் இழந்தவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள். மூத்தா போர்க்களத்தில் ஜஅஃபர் (ரலி) ஷஹீதானபோது, அக்குடும்பத்துக்கு உணவு சமைத்துக் கொடுக்குமாறு பணித்தார்கள். அத்துடன் நின்றுவிடவில்லை. மூன்று நாள் கழித்து அவ்வீட்டுக்குச் சென்றார்கள். பிள்ளைகளைத் தம்மிடம் அழைத்தார்கள். நாவிதரை வரவழைத்து அவர்களின் தலைமுடியை மழிக்கச் செய்தார்கள். ஒரு தந்தை செய்திருக்க வேண்டிய எளிய வேலை அது. ஊரார் கலைந்து செல்லும் நேரத்தில்தான் அது தொடங்கியது.

ஒரு நாள் ஓட்டத்துக்குப் பல மாதப் பயிற்சி தேவை. துயருற்ற குடும்பத்துக்குத் துணைநிற்பதும் அத்தகையதே. ஒரே மூச்சில் முடிவதன்று. ஓட வல்ல இளைஞர்கள் தூய நிய்யத்துடன் ஓடட்டும். நாம் அவர்களைக் கேலி செய்யாது கைகொடுப்போம். ஓட இயலாதோர் தம் தெருவிலுள்ள யத்தீம் பிள்ளையை வாரந்தோறும் ஜும்ஆவுக்கு அழைத்துச் செல்லலாம். அவனுடைய வாப்பாவின் பெயரைச் சொல்லி, அவரைப் பற்றிய நல்ல நினைவொன்றைப் பகிரலாம். அதற்குப் பணம் தேவையில்லை. நான்காம் நாளும் நாற்பதாம் வாரமும் அவ்வாசலுக்குச் செல்லும் பொறுமை போதும்.

அப்பொறுமையை அல்லாஹ் நமக்கு அருள்வானாக.