அந்தப் பச்சை டிக்கை நம்பாதீங்க

"தமிழிலும் கிடைக்கும்" என்று ஒரு மென்பொருள் விளம்பரம் செஞ்சா, கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: தமிழ் உடைஞ்சா உங்கட வேலை நிக்குமா? மொழிப் பட்டியல்ல தமிழ் இருக்கா, முகப்புல "வணக்கம்" போட்டிருக்கா என்பதெல்லாம் அதுக்குப் பிறகு. நிக்காது என்றால் அது ஆதரவு இல்ல, அலங்காரம்.

கலைப்பீடத்து ஆளுக்கு இந்தக் கதை ஏன் என்று கேட்பீங்க. கொஞ்சம் பொறுங்க.

மென்பொருள் எழுதுறவங்க 'கன்டினியுவஸ் இன்டக்ரேஷன்', சுருக்கமா சி.ஐ. என்று ஒன்றைச் சொல்லுவாங்க. பத்துப் பேர் சேர்ந்து எழுதுற திட்டத்தில, ஒருத்தர் ஒரு வரியை மாத்தி அனுப்பினாலும், எங்கேயோ இருக்கிற ஒரு சேர்வர் முழுசையும் புதுசா எடுத்துக் கட்டி, ஏற்கனவே எழுதி வச்ச சோதனைகள் எல்லாத்தையும் ஓட்டிப் பார்க்கும். எல்லாம் சரி என்றால் பச்சை டிக். ஒன்று பிழைச்சாலும் சிவப்புப் புள்ளடி. புள்ளடி விழுந்த மாற்றத்தை உள்ளே சேர்க்கவே ஏலாத மாதிரிப் பூட்டியும் வைக்கலாம். மார்ட்டின் ஃபவுலர் இதைப் பற்றிக் கட்டுரை எழுதினது 2000இல. இன்றைக்கு கிட்ஹப்பில திறந்து வச்ச திட்டம் என்றால் காசும் இல்ல; ஒரு சின்ன யாமல் ஃபைல் எழுதினாப் போதும்.

ஆனா அந்த சேர்வருக்குச் சொந்தப் புத்தி கிடையாது. யாரோ எழுதி வச்ச சோதனையை மட்டும்தான் அது ஓட்டும். பச்சை டிக் "எல்லாம் சரி" என்று சொல்லல. "நீங்க கேட்டதெல்லாம் சரி" என்றுதான் சொல்லுது. தமிழைப் பற்றி யாருமே கேட்கல என்றால், தமிழ் நொறுங்கிக் கிடந்தாலும் பச்சைதான்.

எப்படி நொறுங்கும்? எங்கட ஊர்ப் பெயரையே எடுப்போம். "கண்டி" நமக்கு மூன்று எழுத்து. யூனிகோட்டில அது ஐந்து குறியீடு: க, ண, புள்ளி, ட, இகர விசிறி. யூடிஎஃப்-8இல சேமிச்சா 15 பைட். ஆங்கிலத்தை மனசில வச்சு, ஒரு எழுத்துக்கு ஒரு பைட் என்று கணக்குப் போட்டவருடைய படிவத்தில பெயர் பாதியில வெட்டுப்படும். கடைசிக் குறியீடு போனா "கண்டி" "கண்ட" ஆகும். இரண்டு போனா "கண்". இது எழுத்துப்பிழை இல்ல. யாரும் பிழையா எழுதல, மெஷின் பிழையா வெட்டினது.

அடுத்தது தேடல். "கொ" என்ற எழுத்தை இரண்டு விதமாச் சேமிக்கலாம்: க-வோட ஒகரக் குறி ஒன்று, அல்லது க-வோட கொம்பும் காலும் தனித்தனியா. கண்ணுக்கு ஒன்றுதான், மெஷினுக்கு இரண்டு. இதையாவது ஒழுங்குபடுத்த யூனிகோட்டிலேயே வழி இருக்கு, எழுதினவர் அதைப் பயன்படுத்தினா. "ஸ்ரீ" அதைவிட மோசம். ஸ-வில தொடங்கியும் எழுதலாம், 2005இல யூனிகோட்டுக்கு வந்த ஶ-வில தொடங்கியும் எழுதலாம். பெரும்பாலான ஃபொன்ட்ல இரண்டும் ஒரே வடிவம். அந்த ஒழுங்குபடுத்தலும் இவை இரண்டையும் ஒன்றாக்காது. ஸ்ரீதரனைத் தேடுறீங்க, "அப்படி யாரும் இல்லை" என்று பதில் வருது. ஆள் பட்டியல்ல இருக்கிறார்.

சின்ன விஷயமா? 2004 சுனாமிக்குப் பிறகு இந்த நாட்டு ஆட்கள் சேர்ந்து எழுதின திறந்த மென்பொருள் சஹானா. காணாமல் போனவங்களைத் தேடுற பதிவேடு அதில ஒரு முக்கியமான பகுதி. அப்படியான ஒரு பதிவேட்டில "இல்லை" என்று வர்ற பதிலுக்கு என்ன அர்த்தம் என்று யோசிச்சுப் பாருங்க.

இன்னொன்று, மலையில இருக்கிற நமக்கு. மழைக்காலத்தில தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடும். அப்படியான செய்தியை எஸ்.எம்.எஸ்.ல அனுப்பினா, ஆங்கிலத்துக்கு 160 எழுத்து இடம், தமிழுக்கு 70 குறியீடுதான். அந்த 70லயும் புள்ளியும் விசிறியும் தனித்தனியா இடம் பிடிக்கும். 160 என்று நம்பி எழுதின மென்பொருள் தமிழை எங்கே வெட்டும்? "வெளியேறவும்" என்ற சொல்லுக்கு முன்னாடியா, பின்னாடியா? இதுக்கு ஒரு சோதனை எழுத அரை மணித்தியாலம் போதும்.

"யூனிகோட் வந்திட்டுதே, பிரச்சினை முடிஞ்சுதே" என்பாங்க. 2018 பெப்ரவரியில ஒரே ஒரு தெலுங்கு எழுத்துக்கூட்டு வந்து ஐபோன் செயலிகளை விழுத்தினது. ஆப்பிள் அவசரமா ஐஓஎஸ் 11.2.6 விட வேண்டி வந்தது. யூனிகோட் எழுத்துக்கு எண் கொடுக்கும். அந்த எண்ணை உங்கட மென்பொருள் என்ன பாடு படுத்துது என்று அது பார்க்காது. சிங்கள நண்பர்களுக்கும் இதே கதிதான்: கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறியை "தேவையில்லாதது" என்று ஒரு புரோகிராம் அழிச்சா, ශ්‍රී என்ற எழுத்தே பிரிஞ்சு போகும். அதனால இதை இனப் பிரச்சினையா மட்டும் பார்க்க வேண்டாம்.

இதைவிட எனக்குக் கோபம் வர்ற இடம் வேற. சி.ஐ. அமைப்பில 'கன்டினியூ ஆன் எரர்' என்று ஒரு வரி இருக்கு. பிழைச்சாலும் பரவாயில்ல, தொடர்ந்து போ என்று அர்த்தம். தமிழ்ச் சோதனையை எழுதிட்டு அதுக்குப் பக்கத்தில இந்த வரியைப் போட்டா, சோதனை ஓடும், பிழைக்கும், ஆனா மேல பச்சை டிக் விழும். தமிழ் இருக்கு, ஆனா தமிழுக்காக எதுவும் நிக்காது. 1987இல 13ஆவது திருத்தம் அரசியலமைப்பில என்ன எழுதினது? தமிழும் ஓர் அரசகரும மொழி. அந்த 'உம்' நமக்குப் பழக்கம். அதோட மென்பொருள் வடிவம்தான் இந்த வரி.

"தமிழ்ல பாவிக்கிறவங்க குறைவு" என்ற பதிலும் வரும். உடைஞ்ச படிவத்தை ஒருக்காத் திறந்தவர் அடுத்த முறை ஆங்கிலத்தை அமத்துவார், இல்லாட்டி பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடுவார். பிறகு அந்த எண்ணிக்கையைக் காட்டி, தமிழுக்குத் தேவை இல்லை என்பாங்க. நல்ல நியாயம்!

நம்ம பக்கத்தையும் விட ஏலாது. கணினித் தமிழ் என்று மேடை போடுறோம், பொன்னாடை போர்த்துறோம், கல்தோன்றி மண்தோன்றாக் காலத்தை இழுக்கிறோம். ஒரு திட்டத்துக்கு ஐந்து தமிழ்ச் சோதனை எழுதிக் கொடுத்தவங்க எத்தனை பேர்? இதுக்கு ப்ரோகிராமிங் கரைச்சுக் குடிச்சிருக்கத் தேவையில்ல. எந்தப் பெயர் எப்படி உடையும் என்று தெரிஞ்சவங்க நாங்கதான். பேராதனையில அக்பர் பாலத்தைத் தாண்டினா பொறியியல் பீடம். அங்க இருக்கிறவங்களுக்கு யாமல் ஃபைல் எழுதத் தெரியும், இங்க இருக்கிற நமக்குப் புணர்ச்சி விதி தெரியும். இரண்டு பக்கமும் ஒரு பின்னேரம் சேர்ந்து உட்கார்ந்தா வேலை முடியும். தமிழ் எழுத்தை எழுத்தாகவே எண்ணிக் கொடுக்க ஓப்பன்-தமிழ் என்ற பைதான் நூலகமும் சும்மாவே கிடைக்குது.

என்ன எழுதணும்? புள்ளியில முடியிற பெயரைச் சேமிச்சு, திரும்ப எடுத்து, அதேதானா என்று பாருங்க. "கொ"வை இரண்டு விதமாவும் தேடுங்க. "ஸ்ரீ"யையும் அப்படியே. நீளமான தோட்டப் பெயரை வெட்டி, எழுத்து நடுவில வெட்டுதா என்று பாருங்க. பிடிஎஃப் எடுத்து, கொம்பு சரியான பக்கத்தில நிக்குதா என்று பாருங்க. சோதனை ஓடுற சேர்வர்ல தமிழ் ஃபொன்ட் போட மறக்க வேண்டாம். இல்லாட்டி வெறும் பெட்டி பெட்டியாத்தான் வரும், ஃபைல் உருவானதா என்று மட்டும் பார்க்கிற சோதனை அதுக்கும் பாஸ் போடும்.

கடைசியா, இந்தச் சோதனைகளைக் கட்டாயமாக்கச் சொல்லுங்க. தமிழ் உடைஞ்சா புள்ளடி விழணும், புள்ளடி விழுந்தா மாற்றம் உள்ள போகக் கூடாது. வெளியீடு ஒரு நாள் பிந்தினா பிந்தட்டும். இவ்வளவு காலமும் பிந்தினது நாங்கதானே.